மூன்று சர்வர்களில் ஓர் அலுவலகம்: மலைக்கு ஏற்ற சேமிப்பு முறை

நீலகிரி மாவட்டத்துச் சிறு விவசாயி தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்க்கும் பச்சைத் தேயிலையின் எடை, அதற்காக அவருக்குச் சேர வேண்டிய தொகை, அந்த இலை தூளாகிக் குன்னூர் ஏலத்தில் விலைபோன விவரம், தோட்டத் தொழிலாளரின் வருகைப்பதிவு, வைப்புநிதிக் கணக்கு, மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகள், கல்லூரிகளின் மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவை இன்று பெரும்பாலும் கணினிகளில்தான் எழுதப்படுகின்றன. எழுதப்பட்டவை ஏதோ ஓர் அறையில், சுழலும் தட்டுகளிலோ மின்னணுச் சில்லுகளிலோ காக்கப்படுகின்றன. அந்த அறை எப்படி அமைய வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் மட்டும் முடிவு செய்த காலம் கடந்துவிட்டது. கூட்டுறவுத் தொழிற்சாலையின் நிர்வாகக் குழுவும், கல்லூரி முதல்வரும், மருத்துவமனை அறங்காவலரும் அதற்கான விலைப்புள்ளிகளில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அந்த விலைப்புள்ளிகளில் பத்தாண்டுகளுக்கும் மேலாக அடிக்கடி காணப்படும் சொல் ‘ஹைப்பர் கன்வர்ஜ்டு’ என்பதாகும். கணிக்கும் வேலையையும் சேமிக்கும் வேலையையும் ஒரே சர்வருக்குள் சேர்த்து, அத்தகைய சர்வர்கள் சிலவற்றை மென்பொருளால் பிணைத்து ஒன்றாக இயக்கும் முறைக்கே அப்பெயர்.

இம்முறை எந்தத் தேவைக்கு விடையாகிறது என்பதைப் பார்க்கக் குன்னூர் பொருத்தமான இடம். 1963-ஆம் ஆண்டு முதல் அங்கே தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. தரகர் விலை கூறி, வாங்குவோர் குரல் கொடுத்து, சுத்தியல் தட்டி முடித்த பழைய ஏலம், 2003-இல் தொடங்கப்பட்ட ‘டீசர்வ்’ என்னும் மின்னணு மையத்தாலும், பின்னர் தேயிலை வாரியம் கொண்டுவந்த மின்னணு ஏல முறையாலும் கணினித் திரைக்கு மாறியது. ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையை வைத்தே பச்சைத் தேயிலைக்கு உரிய மாத விலையைத் தேயிலை வாரியம் கணக்கிட்டு அறிவிக்கிறது என்பதால், ஏலத் திரையில் தோன்றும் எண்ணுக்கும் கோத்தகிரியிலோ குந்தாவிலோ இலை கொடுக்கும் விவசாயியின் வருமானத்திற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தரகர் அலுவலகம், கிடங்கு, தொழிற்சாலை, கூட்டுறவு இணையம் என்று இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் கணக்குகள் ஒரு நாள் திறக்காமல் போனால், அதன் சுமை கடைசியில் இலை கொடுத்தவர் மேல்தான் இறங்கும்.

மலை நாட்டில் இந்தக் கண்ணிகள் அறுந்துபோகக் காரணங்கள் அதிகம். 2009 நவம்பரில் பெய்த மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலைகள் பல நாட்கள் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்ட் 8-ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. சாலையோரப் பள்ளங்களில் புதைக்கப்பட்ட ஃபைபர் கேபிள்கள் மண் சரியும்போது சாலையோடு சேர்ந்தே போகின்றன. எல்லாக் கணக்குகளையும் சென்னையிலோ மும்பையிலோ உள்ள பெருந்தரவு மையத்தில் வைத்துவிட்டு இணையம் வழியே பார்ப்பது சமவெளி நகரங்களுக்குப் பொருந்தும் ஏற்பாடாக இருக்கலாம். மலையில் கேபிள் அறுந்த அன்று, பறித்த இலையைத் தாமதமின்றிப் பதப்படுத்தியாக வேண்டிய தொழிற்சாலையும், நோயாளியின் பழைய குறிப்பைத் தேடும் மருத்துவரும் வெற்றுத் திரையைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே அன்றாட வேலைக்குத் தேவையான தரவு, வேலை நடக்கும் இடத்திற்கு அருகிலேயே இருப்பது நல்லது.

அருகில் வைப்பதற்கு வழக்கமாக இருந்த ஏற்பாடு மூன்று அடுக்குகள் கொண்டது. மேலடுக்கில் சர்வர்கள், நடுவில் சேமிப்புக்கென்றே தனியாக அமைந்த நெட்வொர்க் ஸ்விட்சுகள், அடியில் பல ஹார்ட் டிஸ்குகளைக் கொண்ட ஒரு பெரிய சேமிப்புப் பெட்டகம். சர்வர்களில் ‘ஹைப்பர்வைசர்’ என்னும் மென்பொருள் இயங்கும். அது ஒரே இயந்திரத்தைப் பல தனிக் கணினிகளாகப் பகிர்ந்து தருகிறது. அவ்வாறு தோன்றும் ஒவ்வொன்றும் ‘மெய்நிகர்க் கணினி’ எனப்படும். மெய்நிகர்க் கணினிகள் சர்வர்களில் இயங்கினாலும் அவற்றின் வட்டு முழுவதும் அந்த ஒரே பெட்டகத்தில்தான் இருக்கும். பெட்டகம் விலை உயர்ந்தது. அதை இயக்கத் தனிப் பயிற்சி பெற்றவர் தேவை. அதன் உதிரிப் பாகம் கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மலையேறி வர வேண்டும். இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் இந்தச் செலவையும் காத்திருப்பையும் தாங்குவது கடினம்.

இந்தப் பெட்டகத்தை அடியோடு நீக்கிவிடலாம் என்ற எண்ணம் பெரிய இணைய நிறுவனங்களிலிருந்து பிறந்தது. கூகுள் நிறுவனத்தின் சஞ்சய் கெமாவத் முதலானோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, மலிவான சாதாரணக் கணினிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அவற்றில் சில எப்போதும் பழுதாகிக்கொண்டேதான் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு தரவுத் துண்டையும் பல கணினிகளில் பிரதியெடுத்து வைத்தால் தனிப் பெட்டகம் தேவைப்படாது என்று காட்டியது. அந்தக் கோப்பு முறையில் பணியாற்றிய மோகித் ஆரோன், தீரஜ் பாண்டே, அஜீத் சிங் ஆகியோருடன் சேர்ந்து 2009-இல் நியூட்டானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அந்த எண்ணத்தைச் சாதாரண அலுவலகங்களின் மெய்நிகர்க் கணினிகளுக்குக் கொண்டுவந்தார். விஎம்வேர் நிறுவனம் 2014-இல் ‘விசான்’ என்ற பெயரிலும், மைக்ரோசாப்ட் தன் 2016-ஆம் ஆண்டு விண்டோஸ் சர்வர் பதிப்பிலும் இதே வசதியைச் சேர்த்தன.

இவற்றுக்கு முன்பே தொடங்கிய இன்னொரு முயற்சி தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, அமெரிக்காவில் கலிபோர்னியா டிஜிட்டல் என்னும் நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தபோது, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திற்காக 4096 செயலிகளைக் கொண்ட ‘தண்டர்’ மீக்கணினியை உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். 2004 ஜூன் மாதப் பட்டியலில் அது உலகின் இரண்டாவது வேகமான கணினியாக இடம்பெற்றது. அத்தனை செயலிகளுக்கும் ஈடுகொடுத்துத் தரவை வழங்கும் சேமிப்பு முறை கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை அங்கே நேரில் கண்டவர், 2005-இல் ஹிதேஷ் செல்லானியுடன் சேர்ந்து குளஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் மென்பொருளில் பெரும்பகுதி பெங்களூரில் எழுதப்பட்டது. எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளாகவே வெளியிடப்பட்டது. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்குக் குளஸ்டரை வாங்கியது.

குளஸ்டரின் தனிச்சிறப்பு அது எடுத்த ஒரு துணிச்சலான முடிவில் இருக்கிறது. பகிர்ந்து சேமிக்கும் முறைகளில் பல, எந்தக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்ற பதிவேட்டைத் தனியே ஒரு சர்வரில் வைத்திருக்கும். தோட்டத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே கணக்குப்பிள்ளையின் ஏட்டில் மட்டும் இருந்து, அவர் வராத நாளில் யாருக்கு எவ்வளவு கூலி என்று யாராலும் சொல்ல முடியாமல் போவது போன்ற ஆபத்து அதில் உண்டு. குளஸ்டர் அந்தப் பதிவேட்டையே நீக்கியது. கோப்பின் பெயரை ஒரு கணிதச் சூத்திரத்தில் இட்டால் ஓர் எண் கிடைக்கும். எண்களின் எந்தப் பகுதி எந்தச் சர்வருக்கு உரியது என்பது முன்பே பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே பெயர் தெரிந்தவுடன், யாரையும் கேட்காமலே இருப்பிடமும் தெரிந்துவிடும். 2017-இல் ரெட் ஹேட் இந்த மென்பொருளைத் தன் ஹைப்பர்வைசரோடு சேர்த்து, மூன்று சர்வர்களில் இயங்கும் ஹைப்பர் கன்வர்ஜ்டு தொகுப்பாக வெளியிட்டது. தொழில்நுட்ப ஊழியர் அருகில் இல்லாத கிளை அலுவலகங்களையும் தொலைதூர இடங்களையும் மனத்தில் வைத்தே அது விற்கப்பட்டது. சிறு தொழிற்சாலையும் மலைக் கல்லூரியும் அந்த விவரிப்புக்குள் அப்படியே அடங்கும்.

மூன்று என்ற எண்ணிக்கை தற்செயலானதல்ல. இரண்டு சர்வர்கள் ஒரே தரவின் இரு பிரதிகளை வைத்திருப்பதாகக் கொள்வோம். இடையிலுள்ள கேபிள் மட்டும் அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டதாக நினைத்துத் தனித்தனியே எழுதத் தொடங்கும். கேபிள் மீண்டும் சேரும்போது ஒரே விவசாயியின் கணக்குக்கு இரண்டு உண்மைகள் இருக்கும். எது சரி என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. மூன்றாவது ஒரு சர்வர் இருந்தால், இரண்டு பேர் சேர்ந்திருக்கும் பக்கமே எழுதலாம், தனித்து விடப்பட்டது எழுதக் கூடாது என்ற பெரும்பான்மை விதியை அமல்படுத்த முடியும். மூன்றாவது சர்வர் தரவு முழுவதையும் வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கோப்புகளின் பெயர்களையும் அவை கடைசியாக மாறிய குறிப்பையும் மட்டும் வைத்திருக்கும் ‘நடுவர்’ சர்வராக அது இருக்கலாம். விற்பனையாளர் இரண்டு சர்வர்கள் போதும் என்று சொன்னால், நடுவர் எங்கே இருக்கிறார் என்பதே வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பிரதிகளுக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொன்றிலும் 10 டெராபைட் கொண்ட மூன்று சர்வர்கள் வாங்கி, மும்மூன்று பிரதிகள் வைத்தால், 30 டெராபைட்டுக்குப் பணம் கொடுத்தவருக்குப் பயன்படுத்தக் கிடைப்பது 10 மட்டுமே. அதிலும் ஒரு பகுதியைக் காலியாக விட்டு வைக்க வேண்டும். மூன்றில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும் என்றாலும், மூன்றாவது பிரதியை மீண்டும் உருவாக்க இடம் இராது. நான்காவது சர்வர் இருந்தால்தான் அது தானாகவே நடக்கும். மேட்டுப்பாளையம் சாலை மூடிக் கிடக்கும் வாரத்தில் உதிரிப் பாகம் வராது என்பதை எண்ணிப் பார்த்தால், மலை நிறுவனங்களுக்கு நான்காவது சர்வர் ஆடம்பரமாகாது.

இனி மெய்நிகர் மேசைக்கணினி. ஊழியரின் மேசையில் இருக்கும் முழுக் கணினியை எடுத்துவிட்டு, திரையும் விசைப்பலகையும் இணைத்த ஒரு சிறு கருவியை மட்டும் வைத்து, அவருடைய விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணினியைச் சர்வரில் மெய்நிகராக இயக்குவதே அந்த ஏற்பாடு. சிறு கருவிக்குச் சுமார் 10 முதல் 15 வாட் மின்சாரம் போதும்; வழக்கமான மேசைக்கணினி அதைப் போலப் பல மடங்கு எடுக்கும்; மின்தடை நேரத்தில் யுபிஎஸ் பேட்டரி தாங்கும் நேரம் அதற்கேற்ப நீளும். கருவி பழுதானாலோ திருடு போனாலோ அதில் தரவு எதுவும் இருக்காது. கணினி ஆய்வகம் நடத்தும் கல்லூரி, அறுபது கணினிகளைத் தனித்தனியே புதுப்பிப்பதற்குப் பதிலாக ஒரே தாய்ப் பிரதியைப் புதுப்பித்தால் போதும்.

ஆனால் சேமிப்பு முறைகளை இதைப் போலத் திணறடித்த வேலை வேறொன்று இல்லை. காலை ஒன்பது மணிக்கு அறுபது பேரும் ஒரே நேரத்தில் கணினியைத் திறக்கும்போது, ஒவ்வொரு மெய்நிகர்க் கணினியும் வினாடிக்கு அறுபது முறை வட்டைத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் வினாடிக்கு 3600 தொடுகைகள். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் ஒரு ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு ஏறத்தாழ 80 தொடுகைகளையே தாங்கும். அப்படியானால் அந்தக் காலை நேர நெரிசலுக்காக மட்டும் 45 டிஸ்குகள் தேவை. பழைய பெட்டகங்களை நம்பித் தொடங்கிய மெய்நிகர் மேசைக்கணினித் திட்டங்கள் பல, திரை திறக்கப் பத்து நிமிடம் ஆகிறது என்ற புகாரோடு முடங்கியதற்கு இதுவே காரணம். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வட்டு ஒன்று வினாடிக்குப் பல்லாயிரம் தொடுகைகளைத் தாங்குகிறது. ஹைப்பர் கன்வர்ஜ்டு முறையில் அத்தகைய வட்டுகள் மெய்நிகர்க் கணினி ஓடும் சர்வரிலேயே இருக்கின்றன. மேசைக்கணினிகள் பெருகும்போது இன்னொரு சர்வரைச் சேர்த்தால் செயலி, நினைவகம், வட்டு மூன்றும் ஒரே அளவில் கூடுகின்றன. ஆளுக்கு 40 ஜிபி என்று அறுபது பேருக்கு 2400 ஜிபி ஒதுக்க வேண்டியதும் இல்லை. அறுபதிலும் பொதுவாக உள்ள பகுதியை ஒருமுறை வைத்து, வேறுபடும் பகுதியை மட்டும் தனித்தனியே வைக்கலாம். நியூட்டானிக்ஸ் முதலிய நிறுவனங்களின் தொடக்ககால வாடிக்கையாளர்களில் பெரும்பங்கினர் மெய்நிகர் மேசைக்கணினிக்காகவே வந்தவர்கள் என்பது இதனால் வியப்புக்குரியதாகாது.

அதே சர்வர்களில் கணக்கியல் மென்பொருளும் தரவுத்தளமும் இயங்கும்போது கவனம் வேறு இடத்தில் தேவை. தரவுத்தளம் ஒவ்வொரு வரவையும் எழுதிவிட்டு, அது பத்திரமாகச் சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும்; இரண்டு அல்லது மூன்று சர்வர்களிலும் எழுதி முடிந்த பிறகே அந்தப் பதில் வரும் என்பதால், சர்வர்களை இணைக்கும் நெட்வொர்க்கின் வேகமே இங்கே சேமிப்பின் வேகமாகிறது. வினாடிக்கு ஒரு கிகாபிட் தரும் சாதாரண ஸ்விட்ச் 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது; ஒரே ஒரு எஸ்எஸ்டி வட்டு அதைப் பல மடங்கு விஞ்சும். ஆகவே பத்து கிகாபிட் ஸ்விட்ச் இரண்டு இல்லாமல் இந்த முறையில் இறங்குவது பணத்தை வீணாக்குவதாகும். குளஸ்டரும் இத்துறையில் ஒரு பாடம் கற்றது: மெய்நிகர்க் கணினியின் வட்டு பல நூறு ஜிபி கொண்ட ஒரே கோப்பாக இருந்தபோது, பழுதிலிருந்து மீண்ட சர்வருக்கு அதைச் சரிசெய்து தரும் வேலை மிகவும் நீண்டு, மெய்நிகர்க் கணினிகள் உறைந்து நின்றன, கோப்பை 64 எம்பி அளவுள்ள துண்டுகளாக வெட்டி வைக்கும் முறை வந்த பிறகே அது தீர்ந்தது.

மலை உயரமும் கணக்கில் சேரும். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவதால் மின்விசிறி தள்ளும் காற்று குறைந்த வெப்பத்தையே எடுத்துச் செல்லும். எனவே ஏறத்தாழ 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும், சர்வர் அறைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலையை ஒரு டிகிரி குறைத்துக்கொள்வது துறையின் வழக்கம். 35 டிகிரி வரை தாங்கும் சர்வர் உதகையில் சுமார் 30 டிகிரி வரையே தாங்கும். ஊட்டியின் குளிரில் இது தடையாகாது. சமவெளியில் குளிரூட்டிக்குச் செல்லும் மின்கட்டணத்தில் பெரும்பகுதி இங்கே மிச்சம். மூடுபனிதான் இங்கே எதிரி. ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்விக்க நினைக்கும் அலுவலகத்தில், ஈரப்பதம் மின்சுற்றுகளில் படிந்து அரிக்கும். குளிரூட்டியில் மிச்சமாகும் பணத்தை ஈரம் நீக்கும் கருவிக்குச் செலவிட வேண்டும்.

இடியும் அப்படியே. உதகையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், 2014 டிசம்பர் 1-ஆம் நாள் தனக்கு மேலே கடந்த இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூவான் துகள்களைக் கொண்டு அளந்து, 2019-இல் வெளியிட்டது. அத்தகைய வானத்தின் கீழ் வைக்கப்படும் சர்வர்களுக்கு முறையான தரையிணைப்பும், கட்டடத்துக்கு வெளியே செல்லும் இணைப்புகளுக்குச் செப்புக் கம்பிக்குப் பதில் ஃபைபரும் அடிப்படைத் தேவைகள்.

மூன்று பிரதிகளும் ஒரே அறையில் இருந்தால், ஒரே தீவிபத்தில் மூன்றும் போகும். இதற்கு நீலகிரியின் அமைப்பிலேயே ஒரு நல்ல விடை உண்டு. உதகைக்கும் குன்னூருக்கும் இடையே சாலைத் தொலைவு 20 கிலோமீட்டருக்கும் குறைவு. ஃபைபரில் ஒளி அந்தத் தொலைவைச் சென்று திரும்ப ஒரு மில்லி வினாடியில் ஐந்தில் ஒரு பங்கே ஆகும். இத்தகைய முறைகள் இரு இடங்களுக்கு இடையே பொதுவாக ஐந்து மில்லி வினாடி வரை ஏற்கின்றன. எனவே பல நிறுவனங்கள் சேர்ந்து பாதிச் சர்வர்களை உதகையிலும் பாதியைக் குன்னூரிலும் வைத்து, நடுவர் சர்வரைக் கோயம்புத்தூரில் வைக்கலாம். நடுவருக்கு வேகமான இணைப்பு தேவையில்லை. இணைப்புகள் மட்டும் ஒரே சாலையோரம் செல்லக் கூடாது. ஒன்று பர்லியார் வழியாகவும் மற்றது கோத்தகிரி வழியாகவும் இறங்கினால், ஒரே நிலச்சரிவு இரண்டையும் அறுக்காது. தனித்தனியே சிறு சிறு அறைகள் கட்டுவதைவிடக் கூட்டுறவு முறையில் பழகிய இந்த மாவட்டத்திற்கு இது இசைவான வழி.

இத்தனை பிரதிகளும் பேக்கப்புக்கு ஈடாகா என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். ஊழியர் ஒருவர் தவறுதலாக ஒரு மாதக் கணக்கை அழித்தால், அல்லது பணம் பறிக்கும் வைரஸ் அதைப் பூட்டினால், அந்த மாற்றமும் அதே நொடியில் மூன்று சர்வர்களிலும் உண்மையாகப் பிரதியாகிவிடும். பழைய நாளின் நிலையைத் தனியே, இந்தச் சர்வர்களின் கடவுச்சொல்லால் தொட முடியாத இடத்தில், முடிந்தால் மலைக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்.

வன்பொருளைவிட உரிமக் கட்டணம் இன்று பெரிய ஆபத்து. பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே ஒருமுறை பணம் கட்டி என்றும் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனையை நிறுத்தியது. அதை நம்பி ஐந்தாண்டு வரவு செலவு போட்டவர்கள் புதிய சந்தாக் கட்டணங்களை எதிர்கொண்டனர். சிஸ்கோ தன் ஹைப்பர்ஃபிளெக்ஸ் தொகுப்பைக் கைவிட்டது. குளஸ்டரும் தப்பவில்லை, ரெட் ஹேட் தன் குளஸ்டர் சேமிப்புத் தயாரிப்புக்கான ஆதரவை 2024 டிசம்பர் இறுதியில் முடித்துக்கொண்டது. ஆயினும் அதன் மூல நிரல் எவருக்கும் திறந்தே இருக்கிறது. அதில் தரவைத் துண்டுகளாக வெட்டாமல் வைத்திருந்தவர்கள் தங்கள் கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளாகவே வட்டிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். பொதுப் பணத்தில் இயங்கும் கூட்டுறவுகளும் கல்லூரிகளும் சேஃப், புராக்ஸ்மாக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை முதலில் பரிசீலிப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. அதற்கு வேண்டியது, அவற்றை இயக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களுக்கு மலையிலேயே வேலையும் தகுந்த ஊதியமும் கொடுப்பது.

வாங்கும் முடிவை எடுக்கும் நிர்வாகக் குழுக்கள் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன், ஊழியர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒரு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கிக் காட்ட வேண்டும். ஃபைபர் இணைப்பைத் துண்டித்துக் காட்ட வேண்டும். பேக்கப்பிலிருந்து ஒரு மாத இலைக் கணக்கை முழுமையாக மீட்டுக் காட்ட வேண்டும். இம்மூன்றுக்கும் இசையாத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.